லெவோடோபா மாத்திரையும் கரைத்த தண்ணீரும் கறுத்துப்போகின்றன, அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

மூத்தமகள் கேட்டது:

அப்பாவுக்கு 74 வயது. பார்கின்சன் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. லெவோடோபா 100 மில்லிகிராமும் கார்பிடோபா 25 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை, காலை 6, காலை 10, மதியம் 2, மாலை 6 என்று நாளைக்கு நான்கு.

மூன்று மாதமாக மாத்திரையை விழுங்க முடியவில்லை. தொண்டையில் நின்றுவிடுகிறது, புரையேறுகிறது. நான் எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். அம்மாவுக்குக் கண் பார்வை குறைவு, மாத்திரையைப் பொடிப்பது அவரால் ஆகாது. அதனால் நானே விடியற்காலையில் நான்கு மாத்திரைகளையும் சின்ன இரும்பு உரலில் நுணுக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் (100 மில்லி இருக்கும்) கலக்கி மூடி வைத்துவிடுவேன். 6 மணிக்குக் கால் பங்கை நான் கொடுப்பேன். மிச்சத்தை அம்மா வேளாவேளைக்கு ஊற்றிக் கொடுப்பார். மாலையில் அடியில் தங்கியிருப்பதையும் வீணாக்காமல் தண்ணீர் விட்டு அலசிக் கொடுத்துவிடுவார்.

இரண்டு விஷயம் பயமாக இருக்கிறது. மாலைக்குள் அந்தத் தண்ணீர் பழுப்பாகி, சில நாள் கறுப்பாகவே ஆகிவிடுகிறது. அப்புறம், ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை ஞாயிற்றுக்கிழமை அட்டையிலிருந்து பிரித்து ஏழு அறை டப்பாவில் போட்டு ஜன்னலோரம் வைப்பேன். வெள்ளி, சனிக்கான மாத்திரைகளில் பழுப்புப் புள்ளிகள் வருகின்றன.

அப்பாவின் நிலையும் இந்த மூன்று மாதத்தில் மோசம். 10 மணி டோசும் 2 மணி டோசும் பிடிப்பதே இல்லை, கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல் நிற்கிறார், குமட்டல் வேறு. மாலை டோசுக்குப் பிறகு நேர்மாறாகத் தோளும் கையும் தானாக நெளிகின்றன. நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டாக்டரைப் பார்க்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

கறுத்த மருந்து விஷமா? இத்தனை வருடமாக இருக்கும் மருந்தைக் கறுக்காமல் செய்ய மருந்துக் கம்பெனிகளால் முடியாதா?


குருணைக்காரர் எழுதியது:

அம்மா, நான் டாக்டர் இல்லை. மாத்திரை தயாரிக்கும் இடத்தில் இருபத்தேழு வருடம் இருந்தேன். முதலில் மாத்திரை மாவைக் குருணையாகப் பிடிக்கும் பிரிவு, பிறகு நிலைப்புத்தன்மைச் சோதனைக் கூடம், அதாவது மருந்து எவ்வளவு காலம் கெடாமல் இருக்கும் என்று பார்க்கும் இடம். லெவோடோபாவுடன் மட்டும் ஆறு வருடம் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதற்கும் முன்னால் இரண்டு சொல்லிவிடுகிறேன். மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டாவது, ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். விழுங்க முடியவில்லை என்பதே டாக்டரை உடனே கூப்பிடப் போதுமான காரணம்.

இப்போது உங்கள் டம்ளருக்கு வருவோம். நீங்கள் கறுப்பைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். எனக்கு அடியில் தங்கும் வண்டல்தான் முதலில் கண்ணில் பட்டது. லெவோடோபா தண்ணீரில் லேசில் கரையாது. ஒரு மில்லி தண்ணீருக்கு ஓரிரு மில்லிகிராம் கரைந்தால் பெரிது. நீங்கள் 400 மில்லிகிராமை 100 மில்லியில் போடுகிறீர்கள். மிச்சம் எங்கே போகும்? கீழே உட்காரும். நீங்கள் கலக்கிய கையோடு கொடுக்கும் 6 மணி டோஸ் ஏறக்குறைய சரியாக இருக்கும். அம்மா 10 மணிக்கும் 2 மணிக்கும் ஊற்றுவது மேலே தெளிந்த தண்ணீர், அதில் மருந்து குறைவு. மாலையில் அலசிக் கொடுப்பதில் இரண்டு வேளை மருந்தும் சேர்ந்து வருகிறது. மதியம் கால் ஒட்டிக்கொள்வதும், மாலையில் கை நெளிவதும் இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகின்றன. மருந்து அதிகமாகும்போது வரும் அந்த நெளிவுக்கு டிஸ்கைனீசியா என்று பெயர். நோய் முற்றவில்லை என்று நான் சொல்ல முடியாது, அது டாக்டர் பார்க்க வேண்டியது. ஆனால் டம்ளரைச் சரிசெய்யாமல் அதை யாராலும் சொல்ல முடியாது.

இனி கறுப்பு. லெவோடோபா மூலக்கூறில் ஒரு வளையம் உண்டு, அதில் இரண்டு ஹைட்ராக்சில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இந்த அமைப்புக்குக் கேட்டகால் என்று பெயர். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் அந்த இரண்டும் மாறிக் குயினோன் ஆகிவிடும். அது தன் வாலைத் தானே பிடித்து இன்னொரு வளையம் போட்டுக்கொள்ளும். பிறகு டோபாகுரோம் என்ற செந்நிறப் பொருள், கடைசியில் மெலனின். ஆமாம், நம் தோலுக்கும் தலைமுடிக்கும் கறுப்பு தருகிற அந்த மெலனின் வகைதான். உடலுக்குள் ஒரு நொதி செய்யும் வேலையை உங்கள் டம்ளரில் காற்று நிதானமாகச் செய்கிறது. இந்த மருந்து சாப்பிடுகிறவர்களின் சிறுநீர் சிலசமயம் கறுப்பதும் இதே கதைதான், அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

இந்த மாற்றத்தைத் துரிதப்படுத்துபவை வெப்பம், வெளிச்சம், காரத்தன்மை, அப்புறம் உலோகம். உங்கள் இரும்பு உரலைப் படித்ததும் எனக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. ஒருமுறை 40 டிகிரி வெப்பம், 75 சதவீத ஈரப்பதத்தில் வைத்த மாத்திரைகள் மூன்றாம் மாதமே ஊசிமுனை அளவு கரும்புள்ளிகளோடு வெளியே வந்தன. அளந்து பார்த்தால் மருந்தின் அளவு கிட்டத்தட்ட முழுமை, குறைந்தது ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் பார்க்கச் சகிக்காது. மூலப்பொருளைச் சந்தேகித்தோம், அட்டையைச் சந்தேகித்தோம், ஒருவரையொருவர் சந்தேகித்தோம். கடைசியில் பார்த்தால் குருணை சலிக்கும் சல்லடையின் கம்பி தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத உலோகத்தூள் மாவில் விழுந்திருந்தது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் ஒரு கறுப்பு வட்டம். இரும்பும் செம்பும் இந்த வினைக்குத் தரகர் மாதிரி. தாங்கள் செலவாகாமல் வேலையை முடித்துக் கொடுத்துவிடும். நீங்கள் தினமும் இரும்பு உரலில் நுணுக்குகிறீர்கள். பீங்கான் உரலோ, மருந்துக்கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் நொறுக்கியோ வாங்கிக்கொள்ளுங்கள்.

விஷமா என்று கேட்டீர்கள். என் சல்லடைக் கதையிலிருந்து ஒன்று தெரியும்: கண் மிகச் சிறிய கறுப்பையும் பெரிதாகக் காட்டும். கறுப்பை வைத்து எவ்வளவு மருந்து கெட்டது என்று அளக்க முடியாது. இதுவரை கொடுத்ததை நினைத்துத் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்காக இனியும் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. குயினோன்கள் வினைத்திறன் மிக்க பொருட்கள், கறுத்த கரைசலைப் பாதுகாப்பானது என்று எந்தச் சோதனைக் கூடமும் கையெழுத்திட்டுத் தராது.

என்னைக் கேட்டால் கறுப்பைவிட மோசமானது கறுக்காமலே கெட்டுப்போவது. உங்கள் மாத்திரையில் இரண்டாவது ஆள் ஒருவர் இருக்கிறாரே, கார்பிடோபா, அவர் தண்ணீரில் லெவோடோபாவைவிடப் பலவீனமானவர், சீக்கிரம் சிதைந்துவிடுவார். அவருடைய வேலை, லெவோடோபா மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே வழியில் டோபமினாக (பார்கின்சனில் மூளையில் குறைந்துபோகும் பொருள் அது) மாறாமல் காப்பது. வழியிலேயே மாறினால் குமட்டும், மூளைக்கும் குறைவாகவே போய்ச் சேரும். 1913-இல் மார்கஸ் குக்கன்ஹைம் என்பவர் அகன்ற அவரை எனும் பயறின் விதையிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்து, ஆர்வத்தில் இரண்டரை கிராமைத் தானே விழுங்கிப் பார்த்தார். வாந்திதான் பலன். கார்பிடோபா துணையில்லாத லெவோடோபா அப்படித்தான் நடந்துகொள்ளும். நாளைக்கு 70 முதல் 100 மில்லிகிராம் கார்பிடோபா உடம்பில் சேர்ந்தால்தான் இந்தக் காவல் முழுமையாக இருக்கும். அப்பாவுக்கு மொத்தமே 100. அதில் கொஞ்சம் தண்ணீரிலேயே சிதைந்து காணாமல் போனால் அவர் எல்லைக்கோட்டில் நிற்பார். மதியக் குமட்டலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஆக, மொத்தமாகக் கரைத்து வைப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தந்த வேளைக்கு ஒரு மாத்திரை, உடனே பொடித்து, உடனே கலக்கி, உடனே குடிக்க வேண்டும். டம்ளர் அடியில் தூள் மிச்சமிருந்தால் அப்போதே கொஞ்சம் தண்ணீர் விட்டு அதையும் கொடுங்கள்.

கம்பெனிகளால் முடியாதா என்ற கேள்விக்குத் தனியாக எழுதுகிறேன். அது பெரிய கதை.


இரவுப்பணி மருந்தாளுநர் எழுதியது:

அக்கா, பெரியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பொடிக்கலாம் என்பது உங்கள் சாதாரண மாத்திரைக்கு மட்டும்தான். மெதுவாக வெளியாகும் வகையைப் பொடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். இவற்றோடு எனட்டகபோன் என்ற மருந்தும் சேர்ந்த மூன்று மருந்து மாத்திரையையும் உடைக்கக் கூடாது. சில கேப்சூல்களைத் திறந்து உள்ளே இருக்கும் மணிகளைத் தூவிச் சாப்பிடலாம், ஆனால் மணிகளைக் கடிக்கக் கூடாது. எது எந்த வகை என்று அட்டையைக் காட்டி மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டப்பா விஷயம். மாத்திரையைப் பிரித்துப் போடாதீர்கள். கத்தரிக்கோலால் அட்டையையே துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு மாத்திரையும் அதன் குமிழிக்குள்ளேயே இருக்கும்படி டப்பாவில் போடுங்கள். வெட்டும்போது குமிழியின் ஓரம் திறந்துவிடக் கூடாது, கால் அங்குலமாவது விட்டு வெட்டுங்கள். ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம், குளியலறை அலமாரியும் வேண்டாம்.

விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கென்றே இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, நாக்கில் வைத்தால் கரையும் லெவோடோபா கார்பிடோபா மாத்திரை. (அது வாயிலேயே இரத்தத்தில் கலந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, உமிழ்நீரோடு குடலுக்குப் போய்த்தான் வேலை செய்யும்.) இன்னொன்று, தண்ணீரில் போட்டால் தானே பிரிந்துவிடும் லெவோடோபா பென்செரசைடு மாத்திரை (கார்பிடோபாவின் வேலையைச் செய்யும் இன்னொரு மருந்துதான் பென்செரசைடு). எது பொருந்தும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.


கடைக்குட்டி எழுதியது:

வைட்டமின் சி போட்டால் கறுக்காது என்று எங்கோ படித்தேன். நுரைத்துக் கரையும் வைட்டமின் சி மாத்திரை ஒன்றை அந்த டம்ளரில் போட்டால் நாள் முழுக்கத் தாங்காதா? பாவம், அந்த அம்மா வேளாவேளைக்குப் பொடிக்க வேண்டாமே.


குருணைக்காரர் எழுதியது:

தம்பி, பாதி சரி. அந்தப் பாதிதான் ஆபத்து.

வைட்டமின் சி, அதாவது அஸ்கார்பிக் அமிலம், இரண்டு விதத்தில் உதவும். கரைசலை அமிலப் பக்கம் இழுக்கும், அங்கே ஆக்சிஜனேற்றம் மந்தம். அதோடு ஆக்சிஜனைத் தானே முன்வந்து வாங்கிக்கொள்ளும். மாத்திரை, அஸ்கார்பிக் அமிலம், தண்ணீர் மூன்றையும் அளந்து கலந்து சில நோயாளிகளுக்குத் திரவ லெவோடோபாவாக டாக்டர்கள் கொடுத்தது உண்மை. கரையாத சிக்கலுக்காக அதை நிறையத் தண்ணீரில் நீர்த்துத் தயாரிப்பார்கள், தினமும் புதிதாக. குடிக்கும் அளவையும் இடைவெளியையும் ஆளுக்கு ஆள் மாற்றி நிர்ணயிப்பார்கள். அந்தச் செய்முறையின் அளவுகளை நான் இங்கே எழுத மாட்டேன். விழுங்கச் சிரமப்படும் ஒருவருக்கு அவ்வளவு தண்ணீர் கொடுப்பதே சரியா என்பது முதல் கேள்வி.

நீங்கள் சொல்லும் நுரைக்கும் மாத்திரை வேறு சரக்கு. நுரை எதனால் வருகிறது? அதிலுள்ள பைகார்பனேட்டால். அது காரம். கடைசியில் அமிலம் எவ்வளவு மிஞ்சும் என்று பிராண்டுக்கு பிராண்ட் மாறும். சிலவற்றில் இரும்பு, துத்தநாகம் என்று தாதுக்களும் சேர்த்திருப்பார்கள். இரும்பு லெவோடோபாவைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும், குடலில் உறிஞ்சவிடாது. அதனால்தான் இரும்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே நேரத்தில் கொடுக்காமல் இடைவெளி விடச் சொல்வார்கள். ஆகவே வேண்டாம்.

இப்போது கம்பெனிக் கதை. மகள் கேட்டது நியாயமான கேள்வி. அட்டைக்குள் மாத்திரை இரண்டு வருடம், மூன்று வருடம் கறுக்காமல்தான் இருக்கிறது. காரணம் சாதாரணம்: தண்ணீர் இல்லை. உலர்ந்த நிலையில் லெவோடோபா சாது. குருணையை ஈரம் குறைவாக உலர்த்துவது, ஈரத்தை இழுக்காத துணைப்பொருளைத் தேர்வது, அலுமினியத் தகட்டில் அடைப்பது எல்லாம் அந்த வறட்சியைக் காப்பாற்றத்தான். நாங்கள் காலாவதித் தேதி போடுவது அந்த அட்டைக்கு. உங்கள் டப்பாவுக்கோ டம்ளருக்கோ அல்ல. அட்டையைப் பிரித்த நிமிடம் எங்கள் கையெழுத்து செல்லாது.

சிக்கல், திரவம் வேண்டும் என்னும்போது வருகிறது. நோய் முற்றிய சிலருக்கு வயிறு மருந்தைச் சீராகக் கீழே அனுப்பாது. லெவோடோபாவோ ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும் மருந்து. அதனால் சிறுகுடலுக்குள் குழாய் வைத்துச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் டுயோடோபா என்ற கூழ்மருந்து வந்தது. ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் லெவோடோபா. கரைய வைக்க முடியாது என்று தெரிந்ததால் நன்றாகப் பொடித்து, கெட்டியான கூழுக்குள் தொங்கவிட்டார்கள். வண்டல் உட்காராது. உங்கள் டம்ளர் பிரச்சினைக்கு அவர்கள் கண்ட விடை அது. ஆனால் கூழ் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் கார்பிடோபா சிதைவு. அது சிதையும்போது ஹைட்ரசின் என்ற பொருள் வெளியாகும். மரபணுவைச் சேதப்படுத்தக்கூடியது, புற்றுநோய் சந்தேகமும் உண்டு. குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வைக்கச் சொல்வதும், வெளியே எடுத்த பிறகு மணிக்கணக்கில் வரம்பு போடுவதும் இதனால்தான்.

நான் கற்ற பாடங்களிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதன் மருந்துக் குறிப்பில் அச்சிட்டிருக்கும் வரி. நாளைக்கு 100 மில்லி கூழில் சராசரியாக 4 மில்லிகிராம், உச்ச அளவான 200 மில்லியில் 8 மில்லிகிராம் வரை ஹைட்ரசின் போகலாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். தனித் தரவு இல்லாத மரபணுச் சேத மாசுக்கு உலகளவில் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு நாளைக்கு 1.5 மைக்ரோகிராம். ஹைட்ரசினுக்குத் தனியாகக் கணக்கிட்ட வரம்பும் மைக்ரோகிராம் கணக்குதான். மில்லிகிராம் எங்கே, மைக்ரோகிராம் எங்கே! ஒரு காய்ச்சல் மாத்திரையில் இது இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். இங்கே அனுமதித்தார்கள், ஏனென்றால் அதைப் பயன்படுத்துகிறவர் மாத்திரை பிடிக்காமல் பாதி நாள் சிலையாகக் கிடப்பவர். இதைச் சொல்லி யாரையும் பயமுறுத்த வரவில்லை. இந்தக் கூழ்மருந்து எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் குழாயைப் பிடுங்கிவிடாதீர்கள். குளிர்பெட்டி விதியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள், அந்த விதிக்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. (மகளே, உங்கள் டம்ளரில் இருப்பது 100 மில்லிகிராம் கார்பிடோபா, ஒரு நாள் பொழுது. வாரக்கணக்கில் கூழில் ஊறும் அரை கிராமோடு அதை ஒப்பிட வேண்டாம்.)

அடுத்து வந்தவர்கள் மூலக்கூறிலேயே கை வைத்தார்கள். லெவோடோபாவிலும் கார்பிடோபாவிலும் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினார்கள்: பாஸ்லெவோடோபா, பாஸ்கார்பிடோபா. பாஸ்பேட் இருப்பதால் தண்ணீரில் தாராளமாகக் கரைகிறது, ஒரு மில்லியில் 240 மில்லிகிராம் பாஸ்லெவோடோபா. என் காலத்தில் இந்த எண்ணைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கேட்டகாலின் ஒரு கையைப் பாஸ்பேட் பிடித்துக்கொண்டிருப்பதால் குயினோனாக மாறுவதும் சுலபமில்லை. உடலுக்குள் போனதும் பாஸ்படேஸ் நொதி அந்தப் பாஸ்பேட்டை வெட்டி எறிந்துவிடும். வயிற்றில் ஓட்டை போடாமல் தோலுக்கடியில் 24 மணி நேரமும் செலுத்தலாம். அமெரிக்காவில் 2024 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. ஆனால் ஊசி இருக்கும் இடத்தில் கட்டி, சிவப்பு, சீழ் என்று புதிய தொல்லை. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் புடைக்கும் தொழில் இது.


ஊசிபம்ப்வீடு எழுதியது:

ஐயா, என் கணவருக்குப் பார்கின்சனுக்காக அபோமார்பின் என்ற மருந்தைத் தோலுக்கடியில் செலுத்தும் பம்ப். அந்த மருந்து பச்சையாகிறது. சட்டை, தலையணை உறை எல்லாம் பச்சைக் கறை, துவைத்தாலும் போவதில்லை. ஒருநாள் திறந்து வைத்த குப்பியே லேசாகப் பச்சையாக இருந்தது, கொட்டிவிட்டேன். விலையுயர்ந்த மருந்தை வீணாக்கிவிட்டாய் என்று அவருக்குக் கோபம். நான் செய்தது சரியா?


குருணைக்காரர் எழுதியது:

மிகச் சரி அம்மா. பச்சையானால் பயன்படுத்தக் கூடாது என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. அவரிடம் இதைக் காட்டுங்கள். அபோமார்பினிலும் அதே கேட்டகால்தான், கறுப்புக்குப் பதில் பச்சை. உடையில் பட்ட துளி காற்றில் உலர்ந்து பச்சையாவதும் அதே வினை. பட்டவுடன் அலசினால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

அதைக் காக்க உள்ளே சோடியம் மெட்டாபைசல்பைட் என்ற ஆக்சிஜன் எதிர்ப்பானைச் சேர்த்திருப்பார்கள். மருந்தை நிலைப்படுத்தும் அந்தப் பொருளே சிலருக்கு ஆகாது, முக்கியமாக ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு மூச்சுத்திணறல் வரை போகலாம். கணவருக்கு அப்படி ஏதாவது உண்டென்றால் டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பார்கின்சனுக்குத் தோலில் ஒட்டும் ரோட்டிகோட்டின் மருந்துப் பட்டையிலும் இதே சல்பைட் உண்டு.

ஒட்டுப்பட்டை என்றதும் நினைவுக்கு வருகிறது. நிலைப்புத்தன்மை என்றால் நிறம் மாறாமல் இருப்பது என்று நினைக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் அது. நியூப்ரோ என்ற பெயரில் விற்கும் அந்த ரோட்டிகோட்டின் பட்டைகளில் 2008-இல் பனித்துகள் மாதிரி படிகங்கள் பூத்தன. மருந்து சிதையவில்லை. ஒரு மூலக்கூறுகூடக் கெடவில்லை. அதே ரோட்டிகோட்டின், ஆனால் அதுவரை யாருக்கும் தெரியாத இன்னொரு அடுக்கில் படிந்துவிட்டது. அந்த அடுக்கு அதிக உறுதியானது, ஆகவே கரைவது குறைவு, ஆகவே தோலுக்குள் போவதும் குறைவு. அமெரிக்காவில் அந்த வருடமே விற்பனையை நிறுத்தினார்கள். ஐரோப்பாவில் குளிர்பெட்டியில் வைத்து விற்றுச் சமாளித்தார்கள். ஒட்டுப்பசையின் கலவையை மாற்றி, சாதாரண அறை வெப்பத்தில் படிகம் பூக்காத பட்டையாக அமெரிக்காவுக்கு அது திரும்பி வர 2012 ஆனது. எங்கள் கூடத்தில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க யாரும் சரியாகப் பேசவில்லை. நாளை நம் மருந்துக்கும் இது நடக்கலாம் என்ற பயம் எல்லோருக்கும்.


இரவுப்பணி மருந்தாளுநர் எழுதியது:

ஒட்டுப்பட்டைக்காரர்களுக்கு ஒரு வரி: நியூப்ரோ பட்டையின் பின்பக்கத்தில் அலுமினியம் இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்கப் போனால் கழற்றிவிடுங்கள், தோல் சுட்டுவிடும்.


மூத்தமகள் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதியதைப் படித்த அடுத்த நாள் காலையே டாக்டரிடம் போனில் பேசினேன். நான்காம் நாள் வரச் சொன்னார். டம்ளர் கதையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நல்லவேளை சொன்னீர்கள், இல்லாவிட்டால் மாலை நெளிவுக்கு நான் டோசைக் குறைத்திருப்பேன், மதியத்துக்குக் கூட்டியிருப்பேன்" என்றார். விழுங்கும் பயிற்சி கொடுப்பவரிடம் அனுப்பியிருக்கிறார். மாத்திரையைத் தண்ணீரில் பிரியும் பென்செரசைடு வகைக்கு மாற்றிவிட்டார். ஒன்றுக்குக் குறைந்தது 25 மில்லி தண்ணீர், குடிக்கும் முன் நன்றாகக் கலக்க வேண்டும், அரை மணிக்குள் குடித்துவிட வேண்டும். கலக்காவிட்டால் இதிலும் வண்டல் உட்காருமாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

அட்டையை வெட்டும் யோசனை எங்கள் வீட்டைக் காப்பாற்றியது. அம்மாவுக்கு எழுத்து கண்ணுக்குத் தெரியாது என்பதால் நான்கு குட்டி டப்பாக்களுக்கு ரப்பர் பேண்டு போட்டிருக்கிறேன். முதல் வேளைக்கு ஒன்று, கடைசி வேளைக்கு நான்கு. தடவிப் பார்த்தே எடுத்துவிடுகிறார். பொடிக்கும் வேலை இல்லாததால் மற்றதை அவரே செய்துகொள்கிறார்.

இன்றோடு பதினோரு நாள். மாலை நெளிவு நன்றாகக் குறைந்துவிட்டது. குமட்டல் இல்லை. மதியம் 2 மணிக்கு முன்னால் அரை மணி நேரம் இன்னும் கால் ஒட்டுகிறது. இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பழைய டப்பாவில் புள்ளி விழுந்த மாத்திரைகள் ஆறு இருக்கின்றன. என்ன செய்வது?


குருணைக்காரர் எழுதியது:

மருந்துக்கடையில் திருப்பி வாங்கிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள், கழிவறையில் போடாதீர்கள். மற்றபடி அந்த இரண்டு வாரமும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்குக் குடித்தார், எத்தனை மணிக்குக் கால் விட்டது, எத்தனை மணிக்கு மறுபடி ஒட்டியது. பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, டம்ளரின் அடியில் தூள் மிச்சம் இருந்ததா என்பதையும் குறியுங்கள். டாக்டருக்கு அந்த நோட்டு என் மொத்தக் கடிதத்தையும்விடப் பயன்படும்.